ஒரே கேள்வி, பல கல்லூரிகள்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க அக்கா, ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம். அதை மத்தவங்க எல்லாரும் பேசிடுவாங்க" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே நான் பல வருடங்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். செவிலியர் கல்வியில் ஓர் ஆய்வை ஒரே கல்லூரியோடு நிறுத்தாமல் பல இடங்களில் சேர்ந்து நடத்துவது எப்படி, ஏன் என்பதுதான் அது. "மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ரிசர்ச் மெதடாலஜி வகுப்பா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நாம் எல்லோரும் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்தவர்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1860-ல் என்று முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்திருப்போம். அதே 1860-ல் அவர் இன்னொரு வேலையும் செய்தார். லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரியான படிவத்தில் நோயாளிகளின் கணக்கை எழுத வேண்டும் என்பதே அந்தத் திட்டம். அதுவரை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் தன் வழக்கப்படி எழுதிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது அல்லவா? பல இடங்களில் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம் தொழிலுக்குப் புதிதல்ல. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். எம்.எஸ்ஸி. நர்சிங் மாணவிகளுக்கு வழிகாட்டியாகவும், வைவாவுக்கு வெளித் தேர்வாளராகவும் நான் எத்தனையோ தீசிஸ் பார்த்திருக்கிறேன். தலைப்பைப் பாதி சொன்னால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். "கட்டமைக்கப்பட்ட போதனைத் திட்டத்தின் பயன்: தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கல்லூரியில்..." அறுபது பேர். முன் தேர்வு, போதனை, ஏழாம் நாள் பின் தேர்வு. முடிவு என்ன? அறிவு கூடியிருக்கிறது! பாடம் நடத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் கூடாமல் என்ன செய்யும், சொல்லுங்க பார்ப்போம்?

நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து, சம்மதக் கடிதம் வாங்கி, கண் எரிய எரிய மாஸ்டர் ஷீட் போட்டவர்கள் அவர்கள். என் ஆதங்கம் வேறு. அத்தனை உழைப்பும் கெட்டி அட்டை போட்டு நூலக அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் அதே வருடம் இன்னொரு பெண் அதே தலைப்பில், வேறொரு கேள்வித்தாளை வைத்து, வேறு அறுபது பேரிடம் செய்திருப்பாள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வழியில்லை, ஏனென்றால் அளந்த கோல் வேறு வேறு. ஒரே கோலால் அளந்திருந்தால் பத்து அறுபதுகள் சேர்ந்து அறுநூறு ஆகியிருக்கும்.

பல இடத்து ஆய்வு என்றால் என்ன என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே மாநில செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்.சி.எஸ்.பி.என்., இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வை நடத்துவது அவர்கள்தான். அவர்கள் முன் வந்த கேள்வி: வார்டில் செலவழிக்க வேண்டிய பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை சிமுலேஷன் லேபில், அதாவது பொம்மை நோயாளியையும் நோயாளியாக நடிப்பவரையும் வைத்துச் செய்யும் பயிற்சியில், கழிக்கலாமா? கழித்தால் எவ்வளவு வரை?

ஒரு கல்லூரியில் செய்து பார்த்துவிட்டு, "ஆகா, முடியும்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நாட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து 10 கல்விக்கூடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் சேர்ந்த மாணவர்களை ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான வார்டுப் பயிற்சி. சிமுலேஷன் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இரண்டாம் பிரிவுக்கு 25 சதவீதம் சிமுலேஷன். மூன்றாம் பிரிவுக்கு 50 சதவீதம். 2013-ல் படிப்பு முடியும் வரை இப்படியே போனது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் முதல் ஆறு மாதம் அவர்களுடைய மேலாளர்களிடம் மதிப்பீடு கேட்டார்கள். ஆய்வை முழுமையாக முடித்தவர்கள் 666 பேர். 2014-ல் முடிவு வெளியானது. மருத்துவத் திறன், பாட அறிவு, என்க்ளெக்ஸ் தேர்ச்சி, எதிலும் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை நம் ஊரில் பலரும் ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிட்டார்கள்: "பாதி கிளினிக்கல் நேரத்தை லேபில் முடிச்சுக்கலாமாம்!" போதிய நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு திண்டாடும் நிர்வாகத்துக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன வேண்டும்? ஒரு கல்லூரிக்கு நான் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பல லட்சம் ரூபாய் பொம்மை, மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் படுத்திருந்தது. லேபுக்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில். "இன்ஸ்பெக்ஷன் வந்தா திறப்போம் மேடம்" என்றார்கள்.

அந்த ஆய்வு அப்படிப்பட்ட லேபைப் பற்றியதல்ல. பத்து இடத்திலும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஆசிரியர் குழுவை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சிமுலேஷன் முடிந்த பிறகு மாணவர்களை உட்கார வைத்து, "ஏன் அப்படிச் செய்தாய்? அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்?" என்று பேசிப் புரிய வைப்பதை டீப்ரீஃபிங் என்கிறோம் அல்லவா, அதைப் பத்து இடத்திலும் ஒரே முறையில் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அடிப்படைச் செவிலியம், மருத்துவ–அறுவை, தாய்–சேய், குழந்தைகள், மனநலம், சமூகநலம் என்று முக்கியப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் இது நடந்தது. மாணவரை மதிப்பிட ஒரே அளவுகோல். ஆகவே அந்த முடிவின் பொருள் இதுதான்: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்து, நிஜ வார்டு போன்ற சூழல் அமைத்து, முறையாக டீப்ரீஃபிங் செய்தால் பாதி நேரம் வரை மாற்றலாம். அந்த "இருந்தால், செய்தால்" எல்லாவற்றையும் விட்டுவிட்டு "மாற்றலாம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? வார்டையும் சரியாகப் பார்க்காமல், லேபிலும் கற்காமல் வெளியே வரும் பிள்ளைக்கு. அவளிடம் வந்து படுக்கும் நோயாளிக்கு.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆய்வை நம் மண்ணில், நம் கல்லூரிகளில், நம் ஆசிரியர் எண்ணிக்கையோடு செய்து பார்க்க வேண்டும். அதை ஒரே கல்லூரி தனியாகச் செய்ய முடியாது.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஆய்வில் கல்லூரிக்குக் கல்லூரி உள்ள வித்தியாசம் ஒரு தொந்தரவு. அதைச் சமாளிக்கத்தான் ஒவ்வொரு கல்லூரிக்குள்ளும் மூன்று பிரிவு. சில கேள்விகளுக்கோ அந்த வித்தியாசத்தில்தான் விடையே இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் அம்மையாரும் குழுவினரும் 2014-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 நோயாளிகள். பட்டப்படிப்பு முடித்த நர்சுகள் 10 சதவீதம் அதிகமாக உள்ள இடங்களில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்போது அந்த வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இது குலுக்கல் போட்டுச் செய்த ஆய்வு அல்ல. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆஸ்பத்திரிக்குள் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள். "பி.எஸ்ஸி. படிச்சா என்ன, டிப்ளமா படிச்சா என்ன, ஊசி போடத்தானே?" என்று கேட்பவருக்கு நாம் காட்டக்கூடிய கணக்கு, பல இடங்கள் சேர்ந்ததால் கிடைத்தது.

சரி, நாம் செய்வதென்றால் எங்கே இடறும்? என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, குலுக்கலை எங்கே போடுவது? ஒரே கல்லூரிக்குள் பாதிப் பேருக்குப் புதிய முறை, பாதிப் பேருக்குப் பழைய முறை என்றால் கணக்குக்கு நல்லது. ஆனால் நம் பிள்ளைகள் ஒரே ஹாஸ்டலில் இருப்பவர்கள். காலையில் ஒரு பிரிவுக்கு நடத்தியது ராத்திரி மெஸ்ஸில் தோசைக்குக் காத்திருக்கும்போதே அடுத்த பிரிவுக்குப் போய்விடும். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? இதைத் தவிர்க்க, ஒரு கல்லூரி முழுவதற்கும் புதிய முறை, இன்னொரு கல்லூரி முழுவதற்கும் பழைய முறை என்று வைக்கலாம். அதற்கு வேறொரு விலை கொடுக்க வேண்டும்.

அது என்ன விலை? ஒரே கல்லூரிப் பிள்ளைகள் ஒரே ட்யூட்டர், ஒரே வார்டு, ஒரே நூலகம் என்று ஒருவரைப் போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள். ஆகவே அறுபது பேரிடம் கேட்டாலும் அறுபது தனித்தனி விடை கிடைத்ததாகக் கொள்ள முடியாது. புள்ளியியலில் இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு கல்லூரியின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அந்த ஒத்த தன்மையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒத்த தன்மை 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் என்றால் 59 பெருக்கல் 0.05, அதோடு 1, ஆக 3.95. பத்துக் கல்லூரியில் 600 பேரைச் சேர்த்தாலும், அதை 3.95-ஆல் வகுத்தால் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 152 பேர்தான்! அதே 600 பேரை இருபது கல்லூரியிலிருந்து முப்பது முப்பதாக எடுத்தால் 245 ஆகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஆளைச் சேர்ப்பதைவிடக் கல்லூரிகளைச் சேர்ப்பது மேல். இதைப் புள்ளியியல் ஆசிரியரிடம் தகவல் சேகரித்து முடித்த பிறகு கேட்காதீர்கள், முன்னாடியே கேளுங்கள்.

இரண்டாவது, மதிப்பெண் போடுபவர். சில ட்யூட்டர்கள் கை தாராளம்; சிலர் கையிலிருந்து ஒரு மார்க் பிடுங்க முடியாது. நமக்குத் தெரியாததா? இரண்டு பேரை ஒரே மாணவியைப் பார்க்கச் சொல்லி, எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்று எண்ணுவார்கள். 82 சதவீதம் ஒத்துப்போனால் மகிழ்ந்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். இருவருமே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு "பாஸ்" போடுபவர்களாக இருந்தால், தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போகும். இருவரும் பாஸ் போடுவது 81, இருவரும் ஃபெயில் போடுவது 1. இந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கத்தான் கப்பா என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அதையும் ஆய்வு தொடங்கும் முன், எல்லாக் கல்லூரி ட்யூட்டர்களையும் ஒரே இடத்தில் கூட்டி, ஒரே வீடியோவைப் போட்டுக் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, கேள்வி எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருகிறதா? எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஒரு கல்லூரிப் பிள்ளை 42 என்கிறாள். இன்னொரு கல்லூரிப் பிள்ளை 31 என்கிறாள். இருவருமே சரிதான்! முதல் இடத்தில் மில்லிக்கு 20 சொட்டு விழும் ஐ.வி. செட், இரண்டாவது இடத்தில் 15 சொட்டு. கேள்வியில் அதை எழுதாமல் விட்டால் ஒரு கல்லூரி முழுவதும் ஃபெயிலாகிவிடும், பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லாமல்.

நான்காவது, சம்மதம். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் மாணவர்களையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் வரிசையில் வைக்கின்றன. காரணம் புரிகிறதா? இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே சம்மதக் கடிதத்தை நீட்டினால் எந்தப் பிள்ளை "மாட்டேன்" என்று சொல்லும்? ஆகவே கடிதம் வாங்குபவர் வேறு கல்லூரியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பல கல்லூரி சேர்வதில் இப்படி ஒரு நன்மையும் உண்டு. ஆபத்து குறைவான பல மைய ஆய்வுகளுக்கு எத்திக்ஸ் கமிட்டிகள் பொதுவாகச் சேர்ந்து பரிசீலிக்கவும் அந்த நெறிமுறைகளில் வழி இருக்கிறது.

ஐந்தாவதுதான் கஷ்டமானது, கல்லூரியின் பெயர். "எங்க பிள்ளைங்க மார்க் கம்மியா வந்தா, அட்மிஷன் பாதிக்காதா?" என்று நிர்வாகம் கேட்கும். நியாயமான பயம்தான். அதனால் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: கல்லூரிகள் எண்ணால் மட்டும் குறிக்கப்படும், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடப்படும், கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில், என்ன வேலைக்காக. தகவல் வந்த பிறகு பெயர் வரிசைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல சிநேகிதிகள் வேறு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆகவே மிகவும் கடினம்" என்று முடித்தால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். என் வேண்டுகோள் சிறியது. இந்த அரங்கைப் பாருங்கள். நம் கல்லூரியில் படித்துவிட்டு எத்தனை கல்லூரிகளில் ட்யூட்டராக, விரிவுரையாளராக, முதல்வராக இருக்கிறோம்! வேறு எந்தக் குழுவுக்கும் இந்த வசதி இல்லை. ஒரு போன் போட்டு, "அடியே, உன் கல்லூரியில இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

முதல் வருடம் பெரிய கேள்வி வேண்டாம். மருந்தளவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இறுதியாண்டு மாணவர்கள், ஒரே கேள்வித்தாள், ஒரே வாரம், ஒரே நேரம். பாடமும் நடத்த வேண்டாம். நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மட்டும் பார்ப்போம். தசமப் புள்ளியிலா, மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றுவதிலா, சொட்டுக் கணக்கிலா? வார்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கல்லூரி சேர்ந்தாலும் போதும். விடைத்தாளை ஒருவர் திருத்த, எண்களைக் குறிக்கும் முறையை ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். அது பழகினால், இரண்டாம் வருடம் கற்பிக்கும் முறைகளை ஒப்பிடலாம். அப்போது மாணவர்களைச் சேர்க்கும் முன்பே, 2007-ல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், முடிவு பிடிக்கவில்லை என்று யாரும் அதை மறைத்துவிட முடியாது. சிமுலேஷன் கேள்விக்கு அதற்குப் பிறகு வருவோம். அதற்குள் நம் ட்யூட்டர்களுக்கு டீப்ரீஃபிங் பயிற்சியும் கொடுத்து முடித்திருக்கலாம்.

எம்.எஸ்ஸி. படிக்கும் தங்கைகளே, தம்பிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தீசிஸ் தலைப்பு தேடும்போது "இதுவரை யாரும் செய்யாதது" என்று அலைய வேண்டாம். வேறொருவர் நன்றாகச் செய்ததை, அதே கருவியோடு, உரியவரிடம் அனுமதி வாங்கி, உங்கள் இடத்தில் செய்யுங்கள். உங்கள் ஊரில் என்ன நிலைமை, எத்தனை படுக்கை, எத்தனை ட்யூட்டர், எந்த ஐ.வி. செட் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நாளைக்கு ஒருத்தி உங்கள் அறுபதையும் தன் அறுபதையும் சேர்த்துப் பார்க்க அது உதவும்.

இன்று மாலைக்குள் வரவேற்பு மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் பெயர், கல்லூரி, இறுதியாண்டில் எத்தனை மாணவர்கள் என்ற மூன்றை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். கேள்வித்தாளின் முதல் வரைவை நான் அனுப்புகிறேன். திருத்தங்களை நீங்கள் தாட்சண்யம் பார்க்காமல் எழுதி அனுப்ப வேண்டும்.